தாழ்தள பஸ் வந்துவிட்டது, ஏறத்தான் முடியவில்லை: தில்லி பஸ் நிறுத்தங்களை அளக்க ஆட்கள் வேண்டும்

சக்கரவழி (ஆர்.கே.புரம்)

எல்லோருக்கும் வணக்கம். தில்லியில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறேன். பணம் வேண்டாம். கையெழுத்தும் இப்போதைக்கு வேண்டாம். அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பஸ் நிறுத்தத்தைப் போய்ப் பார்த்து, அளந்து, படம் எடுத்துத் தர வேண்டும். அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்களுக்காக: எனக்குச் சிறு வயதிலேயே போலியோ. கல்லூரி முடியும்வரை காலிப்பரும் (காலில் மாட்டும் இரும்புத் தாங்கி) ஊன்றுகோலும். தோள்பட்டை தேய்ந்த பிறகு சக்கர நாற்காலி. பொதுப் போக்குவரத்து எல்லோரும் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மனு எழுதுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது, அதிகாரிகள் கூட்டத்தில் போய் உட்காருவது என்று வருஷக்கணக்காக இதே வேலையாக இருக்கிறேன்.

2022 ஜனவரியிலிருந்து தில்லிக்கு மின்சார பஸ்கள் வர ஆரம்பித்தன. 12 மீட்டர் பஸ்கள் தாழ்தளம், ஏசி, மடக்கி விரிக்கும் ராம்ப் (சாய்தளப் பலகை), உள்ளே சக்கர நாற்காலிக்கென்று இடம். இதற்காகத்தான் இத்தனை காலம் கத்தினோம். வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் என்னால் ஏற முடியவில்லை. சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

நிறுத்தத்தில் காத்திருந்தேன். மேடை ஓரமாக ஆட்டோக்களும் ஈ-ரிக்‌ஷாக்களும் வரிசையாக நின்றன. பஸ் வந்து அவற்றுக்கு வெளியே, இரண்டாவது தடத்தில் நின்றது. நடத்துநர் நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து இரண்டு பையன்களைக் கூப்பிட்டு 'தூக்குங்கப்பா' என்றார். ஒருவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்தார். இன்னொருவர் முன்னால் கால் வைக்கும் பலகையைப் பிடித்துத் தூக்கினார். அது கழற்றி மாட்டுகிற பலகை. பாதி உயரத்தில் அவர் கையோடு வந்துவிட்டது. நான் முன்பக்கம் சரிந்தேன். யாரோ என் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். ராம்ப் கதவடியில் மடிந்தபடியே கிடந்தது, அதன் மேல் ஒரு மூட்டை இருந்தது.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் உதவத்தான் வந்தார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஆண்கள் என் உடம்பைத் தூக்கிப் போட்டால்தான் நான் வேலைக்குப் போக முடியும் என்றால், அந்தப் பஸ் எனக்காக வாங்கப்பட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. தூக்கி ஏற்றுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நானே உருட்டிக்கொண்டு ஏற வேண்டும். அதற்கு பஸ் மட்டும் போதாது. நிறுத்தம் சரியாக இருக்க வேண்டும், அதன் ஓரம் காலியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் ஒட்டி நிறுத்த வேண்டும், ராம்ப் விரிய வேண்டும். பஸ்ஸைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நிறுத்தத்தைப் பற்றி எங்கள் கையில் கணக்கு இல்லை. அதைத் திரட்டத்தான் இந்த இழை.

மயூர்விஹார்_3

அக்கா, உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வேறு கோணத்தில் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தில்லியில் மெட்ரோ இருக்கிறது. எல்லா நிலையத்திலும் லிப்ட் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு நிறுத்தத்துக்கு மூன்று நான்கு நிமிடம் ராம்ப் விரித்து மடக்கினால் உள்ளே இருக்கும் அறுபது பேருக்கும் தாமதம். ஆயிரக்கணக்கான நிறுத்தங்களை இடித்துக் கட்டும் பணத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வீட்டு வாசலுக்கு வரும் வேன் விடலாமே? உங்களுக்கும் அதுதானே சௌகரியம்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். அரசாங்கம் எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும் என்று பார்க்க வேண்டாமா? நான் அரசுப் பணியில் இருப்பவன். கோப்பில் இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

வெண்கோல்

2.21 சதவீதம் என்றால் 2.68 கோடிப் பேர் சார். அதுவும் 2011-இல், பழைய சட்டத்தின் வகைகளை ஒட்டி எடுத்த கணக்கு. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன.

அது போகட்டும். எனக்குக் கண் தெரியாது, கால் நன்றாக இருக்கிறது. ராம்ப் எனக்குத் தேவையில்லை. ஆனால் அக்கா சொல்வது எனக்கும் பொருந்தும். என் பிரச்சினை வேறு வடிவத்தில் வருகிறது: வந்து நிற்பது எந்த பஸ்? சாயங்காலம் ஒரே நேரத்தில் மூன்று பஸ் முன்னும் பின்னுமாக வந்து நிற்கும். முன்பெல்லாம் இன்ஜின் சத்தத்தை வைத்தாவது பஸ் வந்தது தெரியும். மின்சார பஸ் சத்தமே இல்லாமல் வந்து நின்று போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் '615-ஆ?' என்று கேட்டால், அவர் தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்.

இதற்கு ஐஐடி தில்லியில் ஒரு கருவி செய்தார்கள், பெயர் ஆன்போர்டு. பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணன் குழு. அவர்கள் செய்த ஸ்மார்ட்கேனை, அதாவது பார்வையற்றோருக்கான மின்னணுக் கைத்தடியை, பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் ஒரு சின்ன கருவி, பஸ்ஸில் ஒரு கருவி. பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் வந்த பஸ்ஸின் தட எண்ணைச் சொல்லும். நமக்கு வேண்டிய பஸ் என்றால் மறுபடி அழுத்தினால், அதன் கதவருகே உள்ள ஸ்பீக்கர் குரல் கொடுக்கும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நேராகக் கதவுக்குப் போகலாம். யாரையும் கேட்க வேண்டாம். கண் தெரியாதவனுக்குக் கதவு இருக்கும் திசைதான் எல்லாம். எண் மட்டும் தெரிந்து கதவு தெரியாவிட்டால் பஸ்ஸின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும், அது கிளம்பும் நேரத்தில். சக்கரம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கருவியை பஸ்களில் பொருத்திச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அது எல்லா பஸ்ஸிலும் வர வேண்டும் என்பதை மனுவில் சேருங்கள் அக்கா.

கட்டடக்காரன்

சிவில் இன்ஜினியர் என்பதால் உயரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். இது புரிந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

நம் ஊரில் நகர பஸ்களின் தளம் மூன்று உயரத்தில் வருகிறது. உயர்தளம் 900 மில்லிமீட்டர். அரைத்தாழ்தளம் 650. தாழ்தளம் 400. மூன்றையும் சாலை மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 1:12 என்று கணக்கு. ஒரு அடி ஏற 12 அடி நீளம். பஸ்ஸில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. ராம்ப் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் நிறுத்தத்தை ஒட்டாமல் நடுத்தெருவில் நின்றால் அந்த ஒரு மீட்டரில் 400 மிமீ ஏற வேண்டும். அது 1:2.5. பின்னால் தள்ள பலசாலி ஒருவர் இருந்தாலும் நாற்காலி மல்லாக்க விழும். ஒட்டி நின்றால்? நடைபாதை விளிம்பு 150 மிமீக்கு மேல் போகக் கூடாது என்று ஐஆர்சி 103 (நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றிய சாலை வழிகாட்டி) சொல்கிறது. அந்த 150-ஐக் கழித்தால் மிச்சம் 250. அது 1:4. சில பஸ்களில் காற்றை இறக்கி இடப்பக்கம் சாய்ந்து கொடுக்கும் வசதி உண்டு. அது 60 மிமீ குறைத்தால் மிச்சம் 190. ஏறக்குறைய 1:5. இப்போது லேசான ஒரு உந்தலில் ஏறலாம். கையில் பலம் உள்ளவர் தானாகவே ஏறுவார்.

ஆக ஒரே பஸ், ஒரே ராம்ப். எங்கே நிற்கிறது என்பதை வைத்து 1:2.5 ஆகவும் இருக்கும், 1:5 ஆகவும் இருக்கும். தாழ்தள பஸ் வாங்கிவிட்டு நிறுத்தத்தைக் கவனிக்காமல் விடுவது, கதவு வைத்துவிட்டு வாசற்படியை விட்டுவிட்ட வீடு மாதிரிதான்.

ஸ்டியரிங்

நான் கிருஷ்ணகிரிக்காரன். தில்லியில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். அரசு பஸ் ஓட்டுநர்கள் சிலர் நண்பர்கள். அவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நடைபாதையை ஒட்டி நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தத்துக்குள் நுழைய 12 மீட்டர் பஸ்ஸுக்கு முன்னால் நீளமாகக் காலி இடம் வேண்டும். தலையை உள்ளே விட்டு வாலையும் உள்ளே கொண்டுவந்தால்தான் நடுக்கதவு விளிம்பை ஒட்டும். ஒரே ஒரு ஈ-ரிக்‌ஷா நின்றால் போதும், தலை மட்டும் உள்ளே போகும், நடுக்கதவு ஒரு ஆள் அகலம் தள்ளி நிற்கும். ராம்ப் இருப்பது நடுக்கதவில். அப்புறம் வெளியே எடுக்கும்போது பின்னால் வருகிறவன் வழிவிட மாட்டான். அதனால்தான் பலர் உள்ளே நுழைவதே இல்லை. நேரத்துக்கு முனை சேராவிட்டால் கேள்வி கேட்கிறார்கள், ஒட்டி நிறுத்தாவிட்டால் யாரும் கேட்பதில்லை.

ராம்ப் பற்றி: அதைத் தினம் ஒரு தரம் டிப்போவில் விரித்து மடக்க வேண்டும். தூசி, தண்ணீர் போய் மூட்டு இறுகிவிடும். இறுகிய ராம்பைக் கையால் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று நான்கு நிமிடம் என்று மேலே ஒரு சார் எழுதினார். நன்றாக இருக்கும் ராம்பை விரித்து, ஆளை ஏற்றி, மடக்க அவ்வளவு ஆகாது. இறுகிப்போனதற்குத்தான் அவ்வளவு நேரம்.

வெண்கோல்

அண்ணா, இது மிக முக்கியமான தகவல். டிப்போவில் தினசரிச் சோதனை என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை.

லோதிகாலனி_ஓய்வு

மெட்ரோவில் லிப்ட் இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தானாக வந்ததில்லை. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்ணெதிரே நடந்த கதை என்பதால் சொல்கிறேன்.

ஜாவேத் அபிதி என்று ஒருவர் இருந்தார். அலிகரில் பிறந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தவர். 1995 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கினார்கள், அந்தக் கூட்டத்தொடரிலேயே முதல் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் அவர். சட்டம் வந்ததோடு அவர் நிற்கவில்லை. விமானத்தில் ஏறத் தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாற்காலியோடு மேலே ஏற்றும் ஆம்புலிப்ட், உள்ளே இடைவழியில் போகும் குறுகிய நாற்காலி, இவற்றைக் கேட்டார். 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சக்கரவழி இன்று பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறாரே, 'தூக்கி ஏற்றாதே' என்று, அதையேதான் அவர் விமானத்துக்குக் கேட்டார்.

2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார். குதுப் மினாரையும் ஜந்தர் மந்தரையும் பார்க்க விரும்பினார். சக்கர நாற்காலி போக வழி இல்லை. அபிதி விடாமல் வற்புறுத்தி, அவசர அவசரமாக மரத்தில் சாய்தளம் போட வைத்தார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் வந்ததால் சட்டென்று முடிந்த வேலை, ஊர் மக்களுக்கு அதுவரை முடியாமல் இருந்தது.

அந்தக் காலத்தில்தான் மெட்ரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். 2002 டிசம்பரில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை முதல் தடம் ஓடியபோதே லிப்டும், தரையில் பார்வையற்றோர் தொட்டுணர்ந்து நடப்பதற்கான மேடு பதித்த ஓடும், ரயிலில் சக்கர நாற்காலி இடமும் இருந்தன. சமர்த்யம் என்ற அமைப்பில் அஞ்சலி அகர்வால், சஞ்சீவ் சச்தேவா போன்றவர்கள் வரைபட நிலையிலிருந்தே கூட இருந்து சொன்னதால் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு சொன்னார்கள். கட்டி முடித்த பிறகு சொல்லியிருந்தால் 'இப்போது இடிக்க முடியாது' என்றிருப்பார்கள்.

அபிதி 2018 மார்ச்சில் காலமானார். 52 வயதுதான். செய்தி படித்த அன்று எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஜங்புரா_தங்கை

மெட்ரோ இருக்கிறது என்று எழுதியதற்கு நானும் பதில் சொல்கிறேன்.

நாங்கள் ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்தவர்கள். பாராபுல்லா கால்வாய் ஓரம் தமிழர்கள் குடியிருந்த குடிசைப் பகுதி. 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். எங்களுக்குத் தில்லியின் வடக்கு ஓரத்தில் நரேலாவில் வீடு கிடைத்தது. கிடைக்காத குடும்பங்களும் உண்டு, அவர்கள் கதை இன்னும் மோசம். அப்பாவுக்கு இடது கால் போலியோ, காலிப்பர் போட்டு நடப்பார். போகல் பக்கம் இஸ்திரி வண்டி. வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கேதான். முன்பு வீட்டிலிருந்து வண்டிக்கு நடந்தே போவார், மெதுவாகப் போனாலும் பத்து நிமிடம்.

இப்போது நரேலாவில் பஸ் ஏறி சமய்பூர் பாத்லி வர வேண்டும். அங்கே மஞ்சள் தடம். கஷ்மீரி கேட்டில் ஊதாத் தடம் மாறி ஜங்புராவில் இறங்க வேண்டும். மெட்ரோவுக்குள் அப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. லிப்டில் ஏறுவார், இடம் கொடுப்பார்கள். பிரச்சினை முழுக்க அந்த முதல் பஸ்ஸில். நரேலாவுக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. படி உயரமான பஸ் வந்தால் அவர் என்ன செய்வார் தெரியுமா? இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மேல்படியில் வைத்து, இரும்புக் காலை இழுத்துக்கொண்டு உடம்பை மேலே எறிவார். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால் பிடி நழுவும். ஒரு முறை காலிப்பரின் கொக்கி படியில் மாட்டி, அதோடு பஸ் நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கூட வந்து ஏற்றிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறேன். முதல் வகுப்பு எனக்குப் போய்விடுகிறது.

அப்பாவுக்கு பஸ் பாஸ் இலவசம். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கும் டிக்கெட் இல்லை. பணம் எங்கள் பிரச்சினை இல்லை.

வீட்டு வாசலுக்கு வேன் வருமா என்று அப்பாவிடம் கேட்டேன். 'மழை வந்தா சீக்கிரம் கிளம்பணும், துணி நிறைய இருந்தா ராத்திரி ஆகும், அவங்ககிட்ட எந்த டயம் சொல்றது?' என்றார்.

சக்கரவழி (ஆர்.கே.புரம்)

தங்கச்சி, உன் அப்பா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. உன் நம்பரை இங்கே போடாதே, தனிச்செய்தியில் அனுப்பு. நரேலாவிலிருந்து பாத்லி வரை உள்ள நிறுத்தங்களை நாம் சேர்ந்து பார்ப்போம். அந்த வழியில் ஓடும் பஸ்கள் எந்த வகை என்று தகவல் உரிமையில் நான் கேட்கிறேன்.

மயூர்விஹார் தம்பிக்கு: வேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், நாற்காலியில் உட்காரவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டும். ஆனால் வேன் என்றால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். போகும் வழியில் தோழி கூப்பிட்டால் இறங்க முடியாது. உங்களுக்குப் பக்கத்து சீட்டில் நான் உட்கார முடியாது. நீங்கள் யாரும் இதற்கெல்லாம் அனுமதி கேட்டு வாழ்வதில்லை.

வழக்குக்கட்டு

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். மனு எழுத உதவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பிரிவு 41 முழுக்கப் போக்குவரத்து பற்றியது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவை தரநிலைப்படி இருக்க வேண்டும், வாகனங்களும் வடிவமைப்புத் தரத்துக்குப் பொருந்த வேண்டும், சாலைகளும் அப்படியே. கவனியுங்கள், பஸ் நிறுத்தம் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 'தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியம், பொருளாதார ரீதியாகக் கட்டுப்படி' என்ற வாசகங்களும் அதே பிரிவில் வாகனங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இருக்கின்றன. அரசுத் தரப்பு வழக்கமாகப் பிடித்துக்கொள்வது அதைத்தான். அதனால் மனுவில் நிறுத்தத்தையும் பஸ்ஸையும் தனித்தனியாகக் கேளுங்கள். நிறுத்தம் பற்றிய உட்பிரிவில் அந்த வாசகம் இல்லை.

தில்லியில் இதற்கு முன் நடந்ததும் தெரிந்திருக்க வேண்டும். உயர்தள பஸ்கள் வாங்க டெண்டர் விட்டபோது நிபுண் மல்ஹோத்ரா உயர் நீதிமன்றம் போனார். அவரும் சக்கர நாற்காலிக்காரர். 2019-இல் தெருவுக்கு வந்த உயர்தள பஸ்களில் ஹைட்ராலிக் லிப்ட் இருந்ததற்கு அந்தப் போராட்டம் ஒரு பெரிய காரணம் என்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ராஜீவ் ரதூரி வழக்கு. பார்வையற்றவர், 2005-இல் பொதுநல வழக்கு போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு உத்தரவுகள் போட்டது. நடந்தது குறைவு. 2024 நவம்பர் 8 அன்று மறுபடி தீர்ப்பு. சட்டத்தின் கீழ் போட்ட 2017 விதிகளில் 15(1) செல்லாது என்று அறிவித்தது. ஏனென்றால் அந்த விதியின் கீழ் வந்த வழிகாட்டுதல்கள் எல்லாம் 'செய்யலாம், செய்தால் நல்லது' என்ற தொனியில் இருந்தன. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி ஆலோசனை என்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றது நீதிமன்றம். மீற முடியாத அடிப்படைத் தரங்களைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் விதி செய்யச் சொன்னது. வழக்கு போட்டதிலிருந்து இந்த இடத்துக்கு வர 19 வருஷம்.

நீதிமன்றத்துக்குப் போகும் முன் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போங்கள். பிரிவு 82-இன்படி அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரங்கள் உண்டு. சாட்சியை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். அளவும் படமும் தேதியும் உள்ள மனு அவர் முன்னால் கனமாக நிற்கும். 'எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்ற மனுவுக்கு 'கவனிக்கிறோம்' என்றுதான் பதில் வரும்.

அடையாறு_டூ_நொய்டா

சென்னையிலும் இதே கதை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் பல வருஷம் வழக்கு நடத்தினார். பள்ளம், வேகத்தடை, மழைத்தண்ணீர், தாழ்தளம் ஓடாது என்றார்கள். 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் ஓட ஆரம்பித்தன. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்று அறுவை. ஊருக்குப் போயிருந்தபோது அதில் கூட்டிப்போனேன். படி ஏறாமல் பஸ்ஸுக்குள் நடந்து போனது அம்மாவுக்கு ஆச்சரியம்.

மயூர்விஹார்_3

வேன் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் பட்ஜெட் தலைப்பு வேண்டும், அதை யாராவது கேட்டாக வேண்டும். ஆனால் அளக்கச் சொன்னீர்கள், அளந்துவிட்டேன். எங்கள் பக்கத்து நிறுத்தம்: மேடையின் உயரம் சாலையிலிருந்து 260 மிமீ. கட்டடக்காரன் சொன்ன 150-ஐவிட மிக அதிகம். மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லை, இரண்டு பக்கமும் படி. நடுவில் விளம்பரக் கம்பம். ஆக இந்த நிறுத்தத்தை இடித்துத்தான் கட்ட வேண்டும், இல்லையா?

கட்டடக்காரன்

இடிக்கவே வேண்டாம் சார். நல்ல வேளை அளந்தீர்கள்.

150 என்பது நடக்கிறவர் ஏறி இறங்கும் சாதாரண நடைபாதைக்கு. பஸ் மேடை உயரமாக இருந்தால் பஸ்ஸுக்கு நல்லதுதான். 400-இல் 260 போனால் மிச்சம் 140. ஒரு மீட்டர் ராம்பில் ஏறக்குறைய 1:7. பஸ் சாய்ந்துகொடுத்தால் 80 மிமீதான் மிச்சம், 1:12-க்கே வந்துவிடும். பஸ்ஸின் பக்கம் உங்கள் நிறுத்தம் மிகச் சரியாக இருக்கிறது. குறை பின்பக்கத்தில்தான். சாலையிலிருந்து மேடைக்குப் போக வழி இல்லை. 260 மிமீ ஏற 1:12-இல் 3.12 மீட்டர் சாய்தளம் போதும். ஒரு பக்கத்துப் படியை எடுத்துவிட்டு அந்த நீளத்துக்கு கான்கிரீட் போட வேண்டும், பக்கவாட்டில் கைப்பிடி. கம்பத்தை நகர்த்திக் குறைந்தது 900 மிமீ வழி விட வேண்டும், நாற்காலி திரும்ப முன்னால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடம் இருந்தால் உத்தமம். பெரிய செலவு இல்லை, சில நாள் வேலை.

மேடைக்கு முன்னால் 3.12 மீட்டருக்கு இடம் இருக்கிறதா, அங்கே மரமோ மின்கம்பமோ இருக்கிறதா, அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மயூர்விஹார்_3

தெற்குப் பக்கம் இருக்கிறது. ஒரு குப்பைத்தொட்டி மட்டும் நிற்கிறது. ஐந்து மீட்டர் தாராளமாக இருக்கும். சாயங்காலம் டேப் வைத்துப் பார்த்துப் படம் போடுகிறேன்.

சக்கரவழி (ஆர்.கே.புரம்)

இதைத்தான் எதிர்பார்த்தேன். மயூர் விஹார் நிறுத்தத்தை முதல் மனுவாகவே எடுத்துக்கொள்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று வரைபடத்தோடு கேட்டால் 'ஆய்வு செய்கிறோம்' என்று தள்ளிப்போட முடியாது.

இனி அளக்கப் போகிறவர்களுக்கு: மேடை உயரம், மேடை அகலம், ஏற வழி இருக்கிறதா, வழியில் கம்பம் மரம் ஏதாவது, தரையில் பார்வையற்றோருக்கான ஓடு இருக்கிறதா, இருந்தால் எங்கே போய் முடிகிறது. நான் பார்த்த ஒரு இடத்தில் அந்த ஓடு நேராகப் போலீஸ் தடுப்பில் போய் முட்டியது. அப்புறம் அரை மணி நேரம் நின்று, வரும் பஸ்களில் எத்தனை ஒட்டி நிற்கின்றன, எத்தனை வெளியே நிற்கின்றன என்று எண்ணுங்கள். எதனால் வெளியே நின்றது என்பதையும் எழுதுங்கள். ஸ்டியரிங் அண்ணா சொன்ன பிறகு அது எனக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது, ஏனென்றால் பாதி வேலை போக்குவரத்து போலீஸிடம் கேட்க வேண்டியது. பஸ்ஸின் எண்ணை எழுத வேண்டாம், எந்த ஓட்டுநருக்கும் மெமோ போவதற்கு இந்தக் கணக்கு பயன்படக் கூடாது.

வெண்கோல் தம்பி, நிறுத்த ஓடுகளைப் பற்றிய பகுதியும் ஆன்போர்டு பகுதியும் நீங்கள் எழுதுங்கள். ஸ்டியரிங் அண்ணா, டிப்போவில் தினமும் ராம்பைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதித் தர முடியுமா?

ஸ்டியரிங்

எழுதித் தருகிறேன் அம்மா. கையெழுத்து மோசமாக இருக்கும், குரல்பதிவாக அனுப்பட்டுமா?

வெண்கோல்

குரல்பதிவு அனுப்புங்கள் அண்ணா. நான் கேட்டுத் தட்டச்சு செய்துவிடுகிறேன்.

ஜங்புரா_தங்கை

அக்கா, தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டி போடுவதில்லை. பாத்லி மெட்ரோ வாசலிலிருந்து ஆரம்பிக்கலாமா? அப்பாவும் வருகிறேன் என்கிறார். எந்தப் படி எவ்வளவு உயரம் என்று அளக்காமலே சொல்வாராம்.

சக்கரவழி (ஆர்.கே.புரம்)

பாத்லி சரி. காலை 9 மணி, லிப்ட் இருக்கும் வாசலில். அப்பாவைக் கட்டாயம் கூட்டி வா. டேப் நான் கொண்டுவருகிறேன்.